கூட்டப் பிரயாணமும் கேலிச் சித்திரமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓவர்லாக் ஓட்டும் இளந்தோழர் ஒருவர் ஒரு வாரப் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். வரும்போதே அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்த ஒரு கேலிச் சித்திரத்தை விரித்துக் காட்டினார்.

பன்னிரண்டு பேர் உட்காரத்தக்க ஒரு வேனில் நாற்பது பேர் சுற்றுலாப் போகிறார்கள். ஜன்னலுக்கு இரண்டு தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கிழவியின் மடியில் சோற்றுக் குண்டான். குண்டான் மேல் ஒரு குழந்தை. குழந்தையின் கையில் முறுக்கு. அந்த முறுக்கின் மறுகோடியைப் பக்கத்திலிருப்பவர் கடித்துக்கொண்டிருக்கிறார். பருத்த அம்மாள் ஒருவர் வாசலில் மாட்டிக்கொள்ள, மூன்று பேர் பின்னால் நின்று தள்ளுகிறார்கள். கூரை மேலே ஜமக்காளம், தண்ணீர்க் குடம், கால் கட்டிய ஒரு சேவல். படியில் ஒருவன் ஒற்றைக் கையில் தொங்குகிறான்; அவன் வேட்டி கொடிபோல் பறக்கிறது.

"ஏனுங்க தோழர், உங்களுக்குச் சிரிப்பே வரலீங்களா?" என்று கேட்டார்.

வந்தது என்பதே உண்மை. படம் போட்டவர் நல்ல கைத்திறமுள்ளவர். அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் அந்தப் படியில் தொங்குகிறவனிடம் கண் போனவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் சொல்லுகிறேன்.

நான் கைமடியாகச் சேர்ந்து டெய்லராகி இரண்டொரு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பொங்கல் கழிந்து திருமூர்த்தி மலைக்கு எல்லோரையும் அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு வேன் வேண்டுமென்று கேட்டோம். "ஒன்றே போதும், நெருக்கி உட்கார்ந்தால் ஆகாதா?" என்றார்கள். நெருக்கினோம். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஏறினோம். பல்லடம் தாண்டும் வரையில் பாட்டும் கும்மாளமுமாகப் போனோம். உடுமலைப்பேட்டைக்கு இப்பால் ஒரு வளைவில், படியில் நின்ற பேக்கிங் பையன் விழுந்தான். கால் இரண்டிடத்தில் முறிந்தது. திரும்பி வந்து ஆபீசில் கேட்டபோது கிடைத்த பதில் ஒரே ஒரு வார்த்தை: "அவனை யார் தொங்கச் சொன்னது?" ஒரு வாரச் சம்பளமும் ஒரு பை ஆரஞ்சும் வீட்டுக்குப் போயின. அத்தோடு கணக்குத் தீர்ந்தது. அந்தப் பையன் இன்றைக்கு ஒரு குடோனில் இராக்காவல் காக்கிறான், மாடிப்படி ஏறமாட்டான்.

தோழர்களே! நம் இளந்தோழர் கொண்டுவந்த சித்திரத்துக்குக் கீழே ஒரு வாசகம் எழுத வேண்டுமானால் அந்த ஆபீஸ் பதிலைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை. நாற்பது பேரை ஒரு வேனில் பார்த்தவுடன், "இந்த ஜனங்களைப் பார், இப்படியா அடைந்துகொண்டு போவது!" என்று சிரிக்கும்படி படம் சொல்லுகிறது. இரண்டாவது வேனை வாடகைக்கு எடுக்காதவன் யார் என்று படம் கேட்பதில்லை. அவன் படத்துக்கு வெளியே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நம்மோடு சேர்ந்து அவனும் சிரித்துக்கொண்டிருக்கிறான். கூட்டத்தை உண்டாக்கினவனை விட்டுவிட்டுக் கூட்டத்தில் நசுங்குகிறவனைப் பரிகசிப்பது யோக்கியமான பரிகாசமா என்பதே நமது கேள்வி.

"சுயமரியாதைக்காரர்களுக்கு ஹாஸ்யம் ஆகாது போலிருக்கிறது" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லுகிறவர்களுக்கு நம் இயக்கத்தின் சரித்திரம் தெரியாதென்றே அர்த்தம். பெரியார் "சித்திரபுத்திரன்" என்கிற பெயரில் எழுதியவைகளைப் படித்துச் சிரிக்காதவன் உண்டா? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-ல் "நல்லதம்பி" படத்தில் செய்து காட்டிய "கிந்தனார்" காலட்சேபத்தில், தாழ்த்தப்பட்ட பையன் ஒருவன் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகித் திரும்பி வருகிறான். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். ஆனால் அந்தச் சிரிப்பில் அடிபட்டது அந்தப் பையனல்ல, அவனைத் தாழ்த்தி வைத்த ஜாதி. ஆகையால் சிரிப்பின் மேல் நமக்கு விரோதமில்லை. சிரிப்பு யார் முதுகில் விழுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம்.

இனி, கூட்டம் எதனால் உண்டாகிறது என்று கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். நம் ஜனங்களுக்குக் கூட்டத்தில் நசுங்குவதில் தனிப்பட்ட ஆசையா? நாலு பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர் உட்காருவது திராவிட நாகரிகமா? ஒன்றும் இல்லை. இது லீவுக் கணக்கு.

திருப்பூரில் ஒரு டெய்லருக்கோ கட்டிங் மாஸ்டருக்கோ செக்கிங் பெண்ணுக்கோ எப்பொழுது ஓய்வு? ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அவசர ஆர்டர் இருந்தால் இல்லை. பிறகு பொங்கல், தீபாவளி. ஊர் முழுவதுக்கும் ஒரே நாளில் மெஷின் நிற்கிறது. ஒரே வாரத்தில் போனஸ் கைக்கு வருகிறது. ஒரே இராத்திரியில் மதுரைக்கும் தேனிக்கும் திருநெல்வேலிக்கும் போகவேண்டியவர்கள் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு அருவி காட்டவேண்டுமென்று நினைத்தவன் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொடிவேரிக்கும் திருமூர்த்தி மலைக்கும் போய்ச் சேருகிறான். பின் கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு, 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு உண்டென்று விதித்தது. 300 நாள் உழைத்தவனுக்கு இந்தக் கணக்குப்படி 15 நாள் ஆகிறது. அந்த 15 நாளை அவனவன் தனக்கு வேண்டிய மாதத்தில் எடுத்துக்கொண்டால், ஒருவன் ஆடியில் போவான், ஒருவன் மாசியில் போவான். வேனில் கால் நீட்டி உட்கார்ந்து போவான். ஆனால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவனிடமும் கான்ட்ராக்டில் வந்தவனிடமும், "வருஷத்துக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு?" என்று கேட்டுப் பாருங்கள். "லீவு போட்டால் சம்பளம் ஏதுங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பான். ஏடு அறிந்த லீவை இவன் அறியவில்லை. ஆதலால் கூட்டம் என்பது தொழிலாளியின் குணமல்ல. அவனுக்குச் சேரவேண்டிய 15 நாளைக் கொடுக்காமல் ஒரே நாளில் போட்டு அமுக்கியதன் பலனாகும்.

வண்டியைப் பற்றியும் சட்டம் இல்லாமலில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதிக்கு மேல் ஏற்றின ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. நமது சித்திரத்தில் 28 பேர் அதிகம். 5,600 ரூபாய் ஆகிறது. அந்த அபராதச் சீட்டைப் போலீஸ்காரர் டிரைவரிடம் நீட்டுவதாக ஒரு மூலையில் வரைந்து, வேனைப் பேசி அனுப்பினவர் தம் காரில் குளிர்ச்சியாகத் தாண்டிப் போவதாக மறு மூலையில் வரைந்திருந்தால், நாமும் அந்தத் தோழரோடு கைகொட்டிச் சிரித்திருப்போம்.

கூட்டமாக ஊர் பார்க்கப் போகிறவர்களைப் பரிகசிப்பது நம் நாட்டில் மட்டுமுள்ள வழக்கமல்ல. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்குச் சுமார் 500 பேரை இரயிலில் அழைத்துப்போனார். எதற்காக? மதுவிலக்குக் கூட்டத்துக்காக! கள்ளுக்கடைக்குப் போகிறவனை வெளியூருக்குக் கூட்டிப்போய்க் காற்று வாங்க வைப்பதே அதன் நோக்கம். சாதாரண ஜனங்கள் காசு சேர்த்து ஊர் பார்க்கத் தொடங்கியவுடன் கனவான்களுக்குப் பொறுக்கவில்லை. சார்லஸ் லீவர் என்ற எழுத்தாளர், குக் அழைத்து வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொள்ள மறுத்த கைதிகள் என்று 1865-ல் பத்திரிகையில் பரிகாசமாக எழுதினார். கைதி என்று சொல்லப்பட்டவர்கள் செய்த குற்றம் என்ன? கனவான் பார்த்த மலையைக் கணக்கப்பிள்ளையும் பார்க்க வந்ததுதான்.

பிரான்சு தேசத்தில் 1936-ல் லியோன் புளூம் மந்திரிசபை தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு 15 நாள் லீவு கொடுத்தது. இரயில் கட்டணத்திலும் நூற்றுக்கு 40 தள்ளிக் கொடுத்தார்கள். அதுவரை கடலையே காணாத தொழிலாளிகள் பெண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனார்கள். பணக்காரப் பத்திரிகைகள் அவர்களைத் "தொப்பி போட்ட கயவர்கள்" என்று வைதன. ஆனால் "லெ கனார் ஆன்ஷெனே" என்கிற கேலிப் பத்திரிகையில் போல் ஃபெர்ஜாக் என்ற சித்திரக்காரர் வேறு விதமாக ஒரு படம் போட்டார். கடற்கரையில் சீமாட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் போல்ஷ்விக்குகள் இறங்கின அதே தண்ணீரில் நான் இறங்குவதா என்று மூக்கைச் சுளிக்கிறாள். அவ்வளவுதான் படம். கூட்டம் அதே கூட்டம், கடற்கரை அதே கடற்கரை. சிரிப்பு மட்டும் இடம் மாறிவிட்டது. குளிக்க வந்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. குளிக்க மறுத்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அதே தண்ணீரில் நானா?" என்கிற வார்த்தை நமக்குப் புதிதா, தோழர்களே? 1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி மகாத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தபோது, ஆட்சேபித்தவர்கள் சொன்னதும் இதைத் தவிர வேறென்ன? கூட்டத்தைக் கண்டு அருவருக்கிறவனின் மனத்தைச் சுரண்டிப் பார்த்தால் பல சமயம் இதுதான் அகப்படும். கூட்டத்தில் ஒருவன் தோள் மற்றவன் தோளில் படும். படக்கூடாது என்று நினைக்கிறவனுக்கே கூட்டம் அசிங்கமாகத் தோன்றும். இரயில் ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதியில் பிராமணருக்கு ஒரு இடம், இதரருக்கு ஒரு இடம் என்று இருந்ததை ஒழிக்கக் கிளர்ச்சி செய்து 1941 வரை காத்திருக்கவேண்டி வந்தது. ஆனால் இரயில் பெட்டிக்குள்ளே நெரிசல் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்த வேலையைப் பாதி செய்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் எவனும் எட்ட நில் என்று சொல்ல இடமேது? கிந்தனார் காலட்சேபத்தில் இரயிலைப் பற்றி ஒரு பாட்டு வைத்தது சும்மா அல்ல. ஆகவே, ஜனங்கள் கூடுவது கெடுதியல்ல. கூடின ஜனங்களுக்கு இடம் கொடுக்காததே கெடுதி.

நிற்க. சித்திரக்காரர்கள் ஏன் கூட்டத்தின் பக்கமே திரும்புகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. பிரெஞ்சுச் சித்திரக்காரர் டோமியே, மன்னன் லூயி பிலிப்பை ஜனங்களின் காசை விழுங்கும் பெருவயிற்று அரக்கனாக வரைந்ததற்காக 1832-ல் சிறைக்குப் போனார். 6 மாதத் தண்டனை. 1835-ல் அரசியல் கேலிச் சித்திரங்களையே அடக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகு அவர் பேனா ஊர் ஜனங்களின் பக்கம் திரும்பிற்று. உல்லாச இரயில்களில் நசுங்குகிறவர்களைப் பற்றியும் பல படங்கள் போட்டார். நம் நாட்டில், ஆனந்த விகடன் 1987-ல் சட்டசபை அங்கத்தினரையும் மந்திரியையும் பரிகசித்து அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் போட்டதற்கு, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாலாபக்கமும் கண்டனம் எழுந்ததால் சில நாளிலேயே விட்டார்கள். மன்னனை வரைந்தால் சிறை. மந்திரியை வரைந்தால் சிறை. வேனில் போகிற கிழவியை வரைந்தால்? அவளுக்குச் சட்டசபையும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. அவள் அந்தப் பத்திரிகையை வாங்கி முறுக்குக்குத்தான் மடிப்பாள். பயமில்லாத இடத்தில் பரிகாசம் செய்வது தைரியமாகாது.

ஆயினும் டோமியேயிடம் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. அதே டோமியே 1860-களில் "மூன்றாம் வகுப்புப் பெட்டி" என்று ஒரு படம் தீட்டினார். முன்னால் கூடையோடு ஒரு கிழவி, பால் கொடுக்கும் ஒரு தாய், தூங்கிப்போன ஒரு சிறுவன். பின்னால் நெருக்கமாகத் தலைகள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்தால், இவளும் ஒரு ஊரிலிருந்து ஒரு காரியமாக வந்தவள் என்று தெரிகிறது. கூட்டத்திலிருந்து ஒரு மனுஷியைப் பிரித்துக் காட்டிவிட்டார். கை ஒரே கைதான், கண் மாறிவிட்டது.

கூட்டத்தை மனிதர்களாகப் பார்க்காததின் பலன் பத்திரிகைப் பக்கத்தோடு நிற்பதில்லை. 1992 பிப்ரவரி 18-ந் தேதி கும்பகோணம் மகாமகக் குளத்தில் சுமார் 50 பேர் நசுங்கிச் செத்தார்கள். 2011 ஜனவரி 14-ந் தேதி சபரிமலைக்குப் பக்கத்தில் புல்மேட்டில் 100 பேருக்கு மேல் செத்தார்கள். பக்திக் கூட்டத்தில்தான் இப்படி என்று நம்மவர்கள் மார்தட்ட வேண்டாம். 2025 செப்டம்பர் 27-ந் தேதி நமக்குப் பக்கத்திலுள்ள கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் "கூட்ட நெரிசலில் பலி" என்றே தலைப்புப் போடுகிறார்கள். கூட்டம் கூட்டத்தைக் கொன்றதாம்! எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுக்க வேண்டியவர், வழி விடவேண்டியவர், தண்ணீர் வைக்கவேண்டியவர் எல்லோரும் அந்தத் தலைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். பிறகு தெருவில் பேச்சு எப்படி? "இவர்களை யார் அங்கே போகச் சொன்னது?" என்று. பேக்கிங் பையனுக்குக் கிடைத்த அதே பதில்! வருஷக்கணக்காகக் கூட்டத்தைக் கண்டு சிரித்துப் பழகினவர்களுக்குப் பிணத்தைக் கண்டும் அதே வார்த்தைதான் வாயில் வரும்.

கடைசியாக நம்மைப் பற்றியே ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது; இது சிலருக்குக் கசக்கலாம். தீபாவளிக்கு முன் திருப்பூர் இரயில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். வடக்கே போகும் வண்டியில் கிட்டத்தட்ட நூறு பேர் உட்காரும் முன்பதிவில்லாப் பெட்டிக்குள் பீகார், ஒரிசா, ஜார்க்கண்டுத் தொழிலாளர்கள் பல மடங்காக ஏறுகிறார்கள். ஜன்னல் வழியே பிள்ளையைக் கொடுத்து வாங்குகிறார்கள். அதைச் செல்போனில் படம் பிடித்து, கேலிச் சித்திரமாக்கி, "வடக்கன் பிரயாணம்" என்று கைக்குக் கை அனுப்பிச் சிரிக்கிறவர்கள் யார்? மயிலாப்பூர்க் கனவான்களா? நம் கம்பெனிப் பிள்ளைகள்தாம்! பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அதே பனியனைத் தைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நேற்றுவரை நம் பாட்டியின் சோற்று மூட்டையைக் கண்டு மேல் வகுப்பான் சிரித்தான். இன்று நாம் அவன் பெட்டியைக் கண்டு சிரிக்கிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட நாட்டுத் தொழிலாளர்கள் அடிக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் பயந்து ஊருக்கு இரயிலேறினார்கள். அது பொய்யென்று போலீசார் காட்டினார்கள். என்றாலும், அந்தப் பொய்யை அவர்கள் அவ்வளவு சுலபமாக நம்பினதற்கு, நாம் அதுவரை அவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் ஒரு காரணமாயிருக்காதா என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் இளந்தோழர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அடுத்த மாசம் எங்க கம்பெனியிலும் டூர் போறோமுங்க. ஒரு வேன்தான் பேசியிருக்காங்க" என்றார்.

"எத்தனை பேர்?"

"முப்பத்தி நாலுங்க. அதிலே பத்துப் பேர் இந்திக்காரங்க."

"அப்படியானால் இந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் காட்டுங்கள். 'இப்படித்தான் எங்களை அனுப்பப் போகிறீர்களா?' என்று முப்பத்திநாலு பேரும் சேர்ந்து கேளுங்கள். இந்திக்காரர்களையும் முன்னால் நிறுத்துங்கள். அப்படியே போன வருஷத்து லீவுக் கணக்கையும் கேளுங்கள்" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டே பத்திரிகையை மடித்தார். இந்தத் தடவை நாமும் சேர்ந்து சிரித்தோம்.